நான்கு திருகாணி

பெட்டியை ஒட்டிவிடலாம் என்றார்
சாந்தியாகோவிலிருந்து வந்த முதலீட்டுக்காரர்.
பசை மலிவு. பிறர் கை உள்ளே போகாது.
நான் நான்கு திருகாணி வைத்தேன்,
வெண்ணெய்க் கத்தியின் முனைக்கும்
கழன்றுகொடுக்கும் ஒற்றைப் பிளவுத் தலை.
அடுத்த படகிலேயே அவர் போய்விட்டார்.
மிச்சம் வைத்த காப்பியை நான் குடித்தேன்.

காஸ்த்ரோவில் மழை நின்ற நாளைத்தான் எண்ணுவார்கள்.
என் பட்டறை கடல்மேல் மரக்கால்களில் நிற்கிறது.
ஓதம் ஏறினால் தரை முனகும்,
ஈயப் புகை ஜன்னல்வரை போய்
வெளியே பார்த்துவிட்டுத் திரும்பி வரும்.

முன்பெல்லாம் வானொலி என்றால்
ஒவ்வோர் அலைக்கும் ஒரு சுருள்,
விரலுக்குப் பழகிய ஒரு குமிழ்.
இது அப்படியில்லை.
ஆன்டெனாவில் விழுவதையெல்லாம் அள்ளி
நொடிக்கு எட்டுக் கோடித் தடவை நறுக்கி
எண்ணாக்கிவிடும்.
அதில் எது குரல், எது இரைச்சல்
என்று நிரல் சொல்லும்.
நிரலை யார் எழுதுவது?
பலகையின் ஓரத்தில் வெள்ளை மையில் அச்சிட்டேன்:
உன்னுடையது, திற.
சுற்றுப்படம், செம்புத்தடம், உதிரிப் பட்டியல்,
ஓரத்தில் நான் போட்ட தப்புக் கணக்குகள்,
ஒன்றையும் மறைக்கவில்லை.
பெருந்தன்மை என்று எனக்கு நானே
பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு கோடு மட்டும்.
நாற்பது மீட்டர் வரிசையில், ஏழு புள்ளி இரண்டில்,
திரையில் வழியும் நீல அருவிக்கு நடுவே
நூல் பிடித்தாற்போல் ஒரு மஞ்சள் கோடு.

பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் என்றேன்.
ஓர்த்தென்சியா பாரியா அதை அணைத்துக் காட்டினாள்,
ஒரு பகல் முழுக்க.
சிப்பியெல்லாம் உருகி நாறியது. கோடு அப்படியே.
சால்மன் ஆலையின் விளக்குகள் என்றேன்,
நகராட்சிக்கு இரண்டு கடிதம் போட்டேன்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
எங்கள் ஊரில் அந்த வசதி கூடுதல்,
கூடங்கள் நிஜமாகவே கோணல்.

கெயோன் துறைமுகத்தில்
எலெயுதேரியோ நவெல்கின்,
ஐஸ் ஆலையில் குளிர்யந்திரம் பழுதுபார்ப்பவர்,
முப்பத்தோராம் பெட்டிக்குச் சொந்தக்காரர்,
ஒரு ஞாயிறு இரவு மோர்ஸில் கூப்பிட்டார்.
நிதானமான கை. கோடுகளைக் கொஞ்சம் இழுப்பார்.

இரைச்சல் உங்கள் பலகையில்.
மின்வழங்கியின் சுருள்
வடிகட்டியைப் பார்த்து நிற்கிறது.
தொண்ணூறு பாகை திருப்பினேன்.
போய்விட்டது.

என் மின்வழங்கி நொடிக்கு
ஆறு லட்சம் தடவை துடிக்கிறது.
பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
ஏழு புள்ளி இரண்டு.
வாய்ப்பாடு படித்த எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும்.

பதில் அனுப்ப விரல் எழவில்லை.
அந்த வடிகட்டிக்குப் பதினோரு மாதம் ஆயிற்று எனக்கு.
கழற்றலாம் என்றுதான் சொன்னேன்,
கழற்றுவார்கள் என்று நினைக்கவில்லை.

விடியுமுன் எழுந்து
வெண்ணெய்க் கத்தியை எடுத்தேன்.
பிடிக்குறடில் சுருள் ஒரு கடுகளவுதான்,
கால்கள் தடத்தில் உட்காரவில்லை,
இரண்டு முடிக்கம்பி வைத்துக் குறுக்கே பற்றவைத்தேன்.
திரை ஒருமுறை நடுங்கி
நீலமாக ஓடியது.

கோடு இருந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்தார்.
பசிபிக்குக்கு அப்பால், டுனெடினில்,
தன் தக்காளிச் செடிக்கு வந்த பூச்சியைப் பற்றி
அவசரமில்லாமல் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.
எத்தனை மாதமாக
என் இரைச்சலின் அடியில் இருந்து
பேசிக்கொண்டிருந்தாரோ.

நான்காம் பதிப்புப் பலகையில்
சுருள் குறுக்கே படுத்திருக்கிறது,
அதன் பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள்
எள்ளளவில்.
ஓர்த்தென்சியாவுக்கு இரண்டு கிலோ சிப்பி
வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டாள்,
சிரிக்கவில்லை.

கெயோனிலிருந்து நேற்று மறுபடி அதே கை:
உப்புக் காற்றில் ஒரு திருகாணி துருவேறிவிட்டது.
அடுத்த முறை பித்தளை வையுங்கள்.